பனி அளந்தோர்

மழை எவ்வளவு பெய்தது என்று அறிவது எளிது. வாய் அகன்ற கலம் ஒன்றை முற்றத்தின் நடுவே வைத்தால் வானம் தன் கணக்கைத் தானே எழுதிவிட்டுச் செல்லும். வெண்பனி எவ்வளவு பெய்தது என்று அறிவது அத்துணை எளிதன்று. அது விழும்போதே காற்று அதனை வாரிச் சென்று ஓரிடத்தில் குன்றுபோலக் குவிக்கும். மற்றோரிடத்தில் தரையைத் துடைத்து வைக்கும். விழுந்து கிடக்கும் பனியோ தன் பாரத்தினாலேயே அமிழ்ந்து இறுகும். காலையில் பத்து அங்குலமாய் நின்றது, ஒரு துளிகூட உருகாதிருக்கவும், மாலையில் ஏழு அங்குலமாய்க் குறைந்திருக்கும். புல்தரையில் விழுந்தது புல்லின் நுனிகளிலே தங்கி உயர்ந்து காட்டும். கல் பாவிய தெருவில் விழுந்தது கல்லின் சூட்டிலே கரைந்து தாழ்ந்து காட்டும். ஒரே வீட்டின் வளவிலே மூன்று இடத்தில் அளந்தால் மூன்று விடை கிடைக்கும்.

இம்மூன்றனுள் எது மெய்? இந்தச் சிறு வினாவுக்கு விடை தேடி வட அமெரிக்காவிலே இரு நூற்றாண்டுக்கு மேலாகப் பலர் உழைத்திருக்கின்றனர். அவருட் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்லர். கமக்காரரும், பள்ளிக்கூட ஆசிரியரும், மடத்துத் துறவிகளும், கடைக்காரரும், இல்லத்தரசிகளுமே அவர்கள். ஊதியம் கருதாது, கையில் ஓர் அளவுகோலுடன் கொட்டும் பனியில் இறங்கி நின்று அளந்து எழுதியவர்கள்.

பனி என்னும் சொல்லைத் தமிழர் பல பொருளில் வழங்குவர். மார்கழி விடியலில் இலைநுனியில் தொங்கும் நீர்த்துளியும் பனி. நுவரெலியாவின் புல்வெளிகளில் தை மாதத்தில் உப்புப் பூத்தாற்போல வெளுத்துக் கிடக்கும் உறைபனியும் பனி. இங்கே பேசப்படுவது அவ்விரண்டும் அன்று. முகிலுக்குள்ளேயே நீராவி பனிக்கட்டிப் பளிங்குகளாகி, அப்பளிங்குகள் ஒன்றோடொன்று பின்னிப் பஞ்சுத் துகள்போல இறங்கும் வெண்பனியே இது.

இவ்வெண்பனியும் எல்லாக் காலத்தும் ஒரே தன்மைத்தாய்ப் பெய்வதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலே பெரும்பனி டிசம்பருக்குப் பின்னரே வருவது வழக்கம். எனினும் சில ஆண்டுகளில் ஒக்டோபர்க் கடைசியிலோ நவம்பர் முற்பகுதியிலோ, இலையுதிர்காலம் முடிவதற்குள், பனிப்புயல் வந்து இறங்கிவிடும். அப்பொழுது நிலம் கோடைச் சூட்டை முற்றாக இழந்திராது; காற்றின் வெப்பமும் உறைநிலையாகிய பரனைட்டு 32 பாகையை ஒட்டியே நிற்கும். ஆயிரம் அடி மேலே ஏறினால் வெப்பம் மூன்று நான்கு பாகை குறையும். ஆதலால், பள்ளத்தாக்கிலே மழை, நடுச்சரிவிலே சேறு போன்ற ஈரப்பனி, மேட்டிலே முழங்காலளவு வெண்பனி என, ஒரே மாலையில் சில மைலுக்குள் மூன்று வானிலைகளைக் காணலாம். ஒரு பாகை கூடிக் குறைந்தால் ஓர் ஊர் தப்பும். ஓர் ஊர் புதையும். தொலைவிலுள்ள பெருநகரத்து விமான நிலையக் கருவிக்கு இது தெரியாது. அந்தந்த ஊரில் அளவுகோலோடு நிற்பவருக்கே தெரியும்.

அமெரிக்கக் குடியரசின் முதலாம் சனாதிபதியும் மூன்றாம் சனாதிபதியும் இவ்வாறு பனி அளந்தவர்களே. அவர்கள் சனாதிபதிகளாவதற்கு முன்னர், அந்நாடு சுதந்திரம் பெறுவதற்கும் முன்னர், 1772ஆம் ஆண்டு ஜனவரிக் கடைசி வாரத்தில் வேர்ஜீனியாவிலே பெரும்பனி பெய்தது. மவுண்ட் வேர்ணன் என்னும் தம் பண்ணையிலிருந்த ஜோர்ஜ் வாஷிங்டன் தம் நாட்குறிப்பிலே ஏறக்குறைய மூன்றடிப் பனி எனக் குறித்தார். உயர்ந்த குதிரைக்கும் பனி மார்பளவு நின்றமையால் தம் ஆலைவரை செல்வதே அவருக்கு அரும்பாடாயிற்று. அங்கிருந்து நூறு மைலளவு தொலைவில் மொன்ரிசெல்லோவில் தொமஸ் ஜெபர்சனும் மூன்றடி என்றே எழுதினார். ஜெபர்சன் அந்த மாதந்தான் மணம் புரிந்திருந்தார். புதுமணப் பெண்ணோடு வீடு திரும்பும் வழியிலே பனி மிகுந்து, வண்டியைக் கைவிட்டுக் குதிரைமேலேறி, நள்ளிரவில் மலைமீதிருந்த இருண்ட வீட்டை இருவரும் அடைந்தனர் என்பது அக்குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவந்த செய்தி. அத்தகைய நாளிலும் பனியின் ஆழத்தைக் குறிக்க அவர் மறந்திலர்.

ஒருவர் எழுதிய அளவு நாட்குறிப்பாகும். தொலைவிலிருந்த இருவர் எழுதிய அளவுகள் ஒத்துவந்தால் அஃது அறிவாகத் தொடங்கும். வாஷிங்டனும் ஜெபர்சனும் ஒருவர் எழுதுவதை மற்றவர் அறியாமலே எழுதினர். பிற்காலத்தில் அவ்விரு குறிப்புகளையும் சேர்த்து நோக்கியவர்களே அப்புயலின் பரப்பை உணர்ந்தனர். ஜெபர்சன் 1776ஆம் ஆண்டிலிருந்து ஏறக்குறைய நாற்பதாண்டு வெப்பமானியை நோக்கி எழுதிவந்தவர். வெவ்வேறு ஊரிலுள்ளோர் ஒரே வேளையில் நோக்கி எழுதினால் வானிலையின் போக்குப் புலப்படும் என்று கருதி, வில்லியம்ஸ்பேர்க்கிலிருந்த நண்பரொருவரோடு சேர்ந்து அதனைச் செய்தும் பார்த்தார். ஆனால் அக்காலத்தில் ஒரு கடிதம் போய்ச் சேருமுன் புயல் கடலைத் தாண்டிவிடும்.

தந்தி வந்த பின்னரே அந்தக் குறை நீங்கியது. 1846ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரத்திலே ஸ்மித்சோனியன் நிறுவனம் தோன்றியது. அதன் முதற் செயலாளராக அமர்ந்தவர் ஜோசப் ஹென்றி. மின்காந்தத் தூண்டலை இங்கிலாந்திலே பரடே கண்ட அதே காலத்தில் தாமும் தனித்துக் கண்ட பௌதிகவியலாளர் அவர். மின்தூண்டலின் அலகு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. நிறுவனத்தின் பணியென அவர் முதலில் வகுத்த திட்டங்களுள் ஒன்று அமெரிக்கப் புயல்களின் இயல்பை ஆராய்வது. இதற்கு வேண்டியவர்கள் பேரறிஞர் சிலர் அல்லர் என்பதை அவர் தெளிவாக உணர்ந்தார். நாடெங்கும் பரந்து வாழும் சாதாரண மக்கள் பலர் வேண்டும். நாள்தோறும் தவறாது எழுதும் பழக்கம் வேண்டும். எல்லோரும் ஒரே முறையில் எழுத ஒரே படிவம் வேண்டும். 1849ஆம் ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 150 தொண்டர் சேர்ந்தனர். பத்தாண்டு கழிந்தபோது நோக்குநிலையங்கள் ஐந்நூறளவாகப் பெருகியிருந்தன.

தந்திக் கம்பனிகளும் காலைதோறும் தத்தம் ஊர் வானிலையை வாஷிங்டனுக்கு அனுப்ப இசைந்தன. 1856ஆம் ஆண்டளவில் ஸ்மித்சோனியன் கட்டடத்திலே, காண வருவோர் கண்ணிற் படுமாறு, பெரிய நாட்டுப்படம் ஒன்று வைக்கப்பட்டது. அதில் ஊர்தோறும் நிறம் தீட்டிய சிறு வட்டத் தகடுகளை மாட்டினர். தெளிந்த வானுக்கு வெள்ளை, மழைக்குக் கறுப்பு, மேகமூட்டத்துக்குக் கபிலம், வெண்பனிக்கு நீலம். வெள்ளைப் பனிக்கு வெள்ளைத் தகடு கிடைக்காமற்போனது ஒரு வேடிக்கையே. அப்படத்தின் முன்னின்றவர், தாம் நிற்கும் நகரத்திலே வெயில் எறிக்கும்போதே மேற்கே நீலத் தகடுகள் ஒவ்வொன்றாகக் கிழக்கு நோக்கி நகர்ந்துவருவதைக் காண இயன்றது. வரப்போகும் பனியை அதற்கு முன் எந்த மனிதரும் இவ்வாறு கண்டதில்லை.

1861இல் மூண்ட உள்நாட்டுப் போர் இவ்வமைப்பைச் சிதைத்தது. தெற்கிலிருந்த தொண்டரின் தொடர்பு அறுந்தது. தந்திக் கம்பிகளைப் படைகள் எடுத்துக்கொண்டன. 1865 ஜனவரியில் ஸ்மித்சோனியன் கட்டடத்திலும் தீப்பற்றியது. பின்னர் 1870இல் வானிலைப் பணி இராணுவத்தின் சமிக்ஞைப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. 1874இல் ஸ்மித்சோனியன் தொண்டரும் அதனோடு இணைந்தனர். 1890ஆம் ஆண்டுச் சட்டம் அப்பணியை விவசாயத் திணைக்களத்தின் கீழ்க் குடிசார் பணியகமாக மாற்றியதோடு, தொண்டரின் அமைப்பையும் உறுதிப்படுத்தியது. ‘கூட்டுறவு நோக்குநர்’ எனப்படும் இவர்கள் இன்றும் 8,000க்கு மேற்பட்டோர் உள்ளனர்.

இத்தனை தொண்டர் இருந்தும் அவர்கள் அளவு உரிய வேளையில் உரிய இடத்தை அடையாவிட்டால் நேர்வது யாது என்பதை 1940ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் காட்டியது. அன்று போர்நிறுத்த நினைவு நாள், திங்கட்கிழமை, விடுமுறை. மினசோட்டா, விஸ்கொன்சின், அயோவா மாநிலங்களிலே காலை இளஞ்சூடாய் விடிந்தது. மிசிசிப்பி ஆற்றுத் திட்டுகளிலும் சதுப்புகளிலும் தாரா வேட்டையாடுவோர் நூற்றுக்கணக்கானோர் மெல்லிய உடுப்போடு படகேறிச் சென்றனர். காற்று எழ எழத் தாராக்கள் கூட்டங்கூட்டமாகத் தாழப் பறந்தன. அவையும் புயலுக்கு ஒதுங்குகின்றன என்பதை உணராத வேட்டைக்காரர், இத்தகைய நாள் மீண்டும் வாய்க்குமோ என்று அங்கேயே தங்கிவிட்டனர்.

நண்பகலையொட்டி மழை பனித்துகளாயிற்று. துகள் கொட்டும் பனியாயிற்று. வெப்பம் சில மணி நேரத்துள் நாற்பது ஐம்பது பாகை வீழ்ந்தது. ஆற்றிலே அலை எழுந்து படகுகளைக் கவிழ்த்தது. நனைந்த உடையோடு திட்டுகளிலே அகப்பட்டவர் பலர் விடியுமுன் விறைத்து இறந்தனர். மிச்சிகன் ஏரியிலே மூன்று பெரிய சரக்குக் கப்பல்கள் அழிந்தன. ஐம்பதுக்கு மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். மினசோட்டாவில் மட்டும் இறந்தோர் 49 பேர். எல்லா மாநிலங்களிலும் சேர்த்து ஏறக்குறைய 150 பேர். மறுநாள் வினோனா நகரத்து விமானி மக்ஸ் கொன்ராட், காற்று அடங்குமுன்னரே தம் சிறு விமானத்தை எடுத்துச் சென்று ஆற்றின்மேல் தாழப் பறந்து, உயிரோடிருந்தவர்களைத் தேடி உணவும் தீக்குச்சியும் அடைத்த தகரங்களை வீசி, அவர்கள் இருக்குமிடத்தை மீட்போருக்குக் காட்டினார்.

அப்பகுதிக்கான முன்னறிவிப்புகள் அனைத்தும் அந்நாளிலே நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பாலுள்ள சிக்காகோ அலுவலகத்திலிருந்தே வந்தன. அவ்வலுவலகத்தில் இரவு முழுவதும் கடமையிலிருக்க ஆள் நியமிக்கப்பட்டிருக்கவில்லை. குளிர்காற்று வரும் என்று சொன்னார்கள்; இத்தகைய பனிப்புயல் வரும் என்று சொன்னாரில்லை. இந்தப் பேரழிவுக்குப் பின்னரே இருபத்துநான்கு மணி நேரமும் முன்னறிவிக்கும் முறை வந்தது. அந்தந்தப் பகுதிக்கு அருகிலுள்ள அலுவலகங்களுக்குப் பொறுப்பும் கூடியது.

பனி எவ்வளவு பெய்தது என்னும் கணக்கிலும் அன்றைய புயல் ஒரு பாடமே. மினியாப்பொலிஸ் நகரத்தில் 16.8 அங்குலம். அங்கிருந்து எண்பது மைலளவில் கொலிஜ்வில் என்னும் ஊரிலே புனித அருளப்பர் மடத்தில் அளந்தது 26.6 அங்குலம். அம்மடத்துப் பெனடிக்ற் சபைத் துறவிகள் 1890களிலிருந்து வானிலைக் குறிப்பு எழுதிவந்தவர்கள். நகரத்து அளவு மட்டும் எஞ்சியிருந்தால் அப்புயல் உள்ளதினும் சிறியதாகவே வரலாற்றில் பதிந்திருக்கும்.

நிற்க. இவர்கள் அளக்கும் முறையைச் சற்று விளக்குதல் வேண்டும். நீரை அளக்க எட்டங்குல விட்டமும் இரண்டடி உயரமும் உடைய உலோக உருளை ஒன்று உண்டு. அதனுள்ளே ஒரு குறுகிய குழாய். குழாயின் வாய்ப்பரப்பு உருளையின் வாய்ப்பரப்பிற் பத்திலொரு பங்கு. ஆகவே ஓரங்குல மழை குழாயினுள் பத்தங்குலமாய் உயர்ந்து நிற்கும். சிறிய அளவையும் தவறின்றி வாசிக்கலாம். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலே காலைதோறும் மழைமானியை நோக்கி எழுதும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதில் புதுமை இல்லை. பனிக்காலம் வந்தால் புனலையும் உட்குழாயையும் எடுத்துவிடுவர். வெற்றுருளையில் பனி நேரே விழும். அளந்த வெந்நீரை அதனுள் ஊற்றி உருக்கி, ஊற்றிய நீரைக் கழித்தால், மிஞ்சுவது பனி தந்த நீர்.

ஆழத்தை அளக்க வேண்டுவது வெள்ளை பூசிய ஒரு பலகை. ஏறத்தாழ ஒன்றரை அடிச் சதுரமான அப்பலகையைக் காற்று மிகாத திறந்த இடத்திலே தரைமேல் வைப்பர். வெள்ளை பூசுவது வெயிலின் சூட்டை ஏற்காதிருத்தற்பொருட்டு. புல்லின் பொய்யும் கல்லின் பொய்யும் பலகையில் இல்லை. அளவுகோலை நேரே நிறுத்தி அங்குலத்தின் பத்திலொரு பங்குவரை நோக்கி எழுதியபின், பலகையைத் துடைத்து, புதுப் பனியின்மேல் மீண்டும் வைப்பர். எங்கே வைத்தோம் என்பது மறையாதிருக்க அருகே ஒரு கொடி நடுவாரும் உண்டு.

இவ்வாறு துடைத்து வைப்பதை நாளுக்கு எத்தனை முறை செய்யலாம்? வெளியார்க்கு அற்பமாகத் தோன்றும் இவ்வினாவால் 1997ஆம் ஆண்டில் நாடளாவிய வழக்கொன்று எழுந்தது. நியூயோர்க் மாநிலத்தில் ஒன்ராறியோ ஏரிக்குக் கிழக்கே மொன்ரேகியூ என்னும் சிற்றூர் உண்டு. உறையாத ஏரிநீரின்மேற் கடந்துவரும் குளிர்காற்று ஈரத்தை முகந்து, டக் ஹில் மேட்டுநிலத்தில் ஏறும்போது பனியாகக் கொட்டும் இடம் அது. ஜனவரி 11, 12ஆம் நாள்களில் இருபத்துநான்கு மணி நேரத்துள் 77 அங்குலம் பெய்ததாக அவ்வூர்த் தொண்டர் அறிவித்தார். ஆறடிக்கும் மேல்! நாட்டின் முந்திய உச்சம் கொலராடோவில் சில்வர் லேக் என்னுமிடத்தில் 1921 ஏப்ரலில் குறித்த 75.8 அங்குலம். ஓரங்குலமும் இரண்டு பத்திலொரு பங்குமே வேறுபாடு.

இதனை ஆராயக் குழுவொன்று கூடியது. அளந்தவர் நேர்மையானவர், கோலை நேரே நிறுத்தி அளந்தவர், எழுதியது எதுவும் பொய்யன்று என அக்குழு ஏற்றது. ஆனால் அந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் ஆறு முறை அளந்து அவற்றைக் கூட்டியிருந்தனர். விதியோ ஆறு மணிக்கு ஒரு முறை, நாளுக்கு நான்கு முறைக்கு மேற்படலாகாது என்பது. அடிக்கடி துடைத்தால் பனி தன் பாரத்தால் அமிழ நேரம் இராது, கூட்டுத்தொகை வீங்கும். ஆதலால் 77 அங்குலம் நாட்டின் உச்சமாக ஏற்கப்படவில்லை. சில்வர் லேக்கின் கணக்கும் மாசற்றதன்று என்பதையும் சொல்லவேண்டும்: இருபத்தேழரை மணி நேரத்திற் பெய்த 87 அங்குலத்தை இருபத்துநான்கு மணிக்கு வகுத்துக் கண்டதே அந்த 75.8. எனினும் மொன்ரேகியூத் தீர்ப்புத் தகாதது என்று கூறுவதற்கில்லை. ஆளுக்கொரு முறையில் அளந்தால் ஆயிரம் பேர் எழுதியும் ஓர் உண்மை பிறவாது.

வெறும் பெருமைக்காக நிகழ்ந்த வாதம் என்று இதனை ஒதுக்கலாகாது. வீட்டுக்கூரை எவ்வளவு பனியைத் தாங்கவேண்டும் என்று பொறியியலாளர் வகுப்பது இந்த ஏடுகளைப் பார்த்தே. பனிப்புயலின் பின் தெருக்களைத் துப்புரவாக்கும் செலவிற்கு மத்திய அரசின் உதவி வேண்டும் மாவட்டம், அங்குப் பெய்த பனி பதிவிலுள்ள உச்சத்தை எட்டியது அல்லது அதனை நெருங்கியது என்று காட்டவேண்டும். ஓர் ஊரில் எவரும் அளக்காதிருந்தால் அவ்வூரின் துன்பத்துக்குச் சான்று இல்லை.

அதே 1997ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் கொலராடோ மாநிலத்து போர்ட் கொலின்ஸ் நகரில் மற்றொரு நிகழ்ச்சி. நகரத்தின் ஒரு பக்கத்தில் ஒரு நாளும் சில மணியும் கொண்ட காலத்துள் பதினான்கு அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது. சில மைலுக்கு அப்பால் இரண்டங்குலமும் இல்லை. வெள்ளத்தில் ஐவர் மாண்டனர். எங்கே எவ்வளவு பெய்தது என்பதை அறிய, அங்குள்ள பல்கலைக்கழகத்தின் காலநிலையாளர் நோலன் டோஸ்கன் முதலியோர் வெள்ளம் வடிந்தபின் வீடுவீடாகக் கேட்டுத் திரட்டவேண்டியதாயிற்று. பண்ணை வாளியிலும் குப்பைத் தொட்டியிலும் நின்ற நீர்கூடச் சான்றாயிற்று. மறு ஆண்டே, அதாவது 1998இல், மழை, ஆலங்கட்டி, வெண்பனி ஆகியவற்றை அளக்கும் ஒரு சமுதாயக் கூட்டுறவு வலையை அவர்கள் தொடங்கினர். நான்கங்குல விட்டமுள்ள மலிவான மழைமானியும் ஓர் அளவுகோலும் உடைய எவரும் அதிற் சேரலாம். பள்ளிச் சிறுவரும் சேர்ந்தனர். ஒரு நகரத்துக்கெனத் தொடங்கிய அவ்வலை ஐம்பது மாநிலங்களுக்கும் கனடாவுக்கும் பரவி, 20,000க்கு மேற்பட்டோரைக் கொண்டதாயிற்று. தந்திக்குப் பதிலாகக் கணினி. வாஷிங்டனிலிருந்த ஒற்றைப் படத்துக்குப் பதிலாக அவரவர் வீட்டிலேயே விரியும் படம்.

இப்படிப் பழைய தொண்டரும் புதிய ஆர்வலரும் சேர்ந்து பருவம் முந்திய பெரும்பனியொன்றை எதிர்கொண்டது 2011 ஒக்டோபர் 29ஆம் நாள். அன்று சனிக்கிழமை. புயல் வருவது நாள்கள் சில முன்னரே தெரிந்திருந்தது. 1940இன் நிலை இல்லை. ஆனால் எந்த மேட்டில் மழை பனியாய் மாறும் என்பதை எவராலும் தெருத்தெருவாகச் சொல்ல இயலவில்லை. காலையில் பென்சில்வேனியா மேடுகளிலும் நியூ யேர்சி மேடுகளிலும் பனி தொடங்கியது. அளவுகோல்கள் முற்றத்துக்கு வந்தன. ஒரு மணிக்கு இவ்வளவு, அடுத்த மணிக்கு இவ்வளவு என்று வந்த செய்திகளை வானிலை அலுவலகங்கள் ஊர் ஊராகப் பட்டியலிட்டு உடனுக்குடன் வெளியிட்டன. பட்டியலைப் பார்த்தவர்கள் தம் ஊரில் மழை பனியாகும் வேளையைக் கணிக்கலாயினர்.

நியூயோர்க் நகரத்து மத்திய பூங்காவில் 2.9 அங்குலம். கேட்பதற்குச் சிறிது, ஆயினும் அங்கு 1869ஆம் ஆண்டு முதல் எழுதிவரும் ஏட்டில் ஒக்டோபர் நாளொன்றில் ஓரங்குலமேனும் பெய்ததாக அதற்கு முன் குறிப்பே இல்லை. கனெக்டிகட் மாநிலத்தின் பெரிய விமான நிலையத்தில் 12.3 அங்குலம். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஜாப்ரியில் 31.4. எல்லாவற்றுக்கும் மேலாக, மசசூசெட்ஸ் மாநிலத்து மேற்கு மலைகளில், தென்னமெரிக்க நாடொன்றின் பெயரைத் தனக்கு இட்டுக்கொண்டதும் ஆயிரம் பேரும் வாழாததுமான பெரு என்னும் சிற்றூரில் 32 அங்குலம். அதே மாநிலத்தின் கரையோரங்களிற் பெய்தது பெரும்பாலும் மழை.

அளவுகோல் காட்டாத ஒன்றை உருளை காட்டியது. பத்தங்குலப் பனி உருகினால் ஓரங்குல நீர் என்பது பழைய கணக்கு. நடுமாரியின் உலர்ந்த பனி முப்பது அங்குலம் உருகியும் ஓரங்குல நீர் தராது. பருவம் முந்திய ஈரப்பனியோ ஐந்தாறு அங்குலத்திலேயே அதனைத் தந்துவிடும். ஒரு சதுர அடிப் பரப்பில் ஓரங்குல நீர் ஐந்து இறாத்தலுக்கு மேல் நிறுக்கும். இலை உதிர்ந்த மரத்தின் கொம்பிடையே பனி நழுவி வீழ்ந்துவிடும்; அன்றோ மரங்களிலே இலைகள் செறிந்திருந்தன. ஒவ்வோர் இலையும் ஒரு தட்டாகி ஏந்திக்கொள்ள, ஓக் மரங்களும் மேப்பிள் மரங்களும் துப்பாக்கி வெடித்தாற்போன்ற ஓசையோடு பிளந்து மின்கம்பிகள்மேல் வீழ்ந்தன. முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளும் கடைகளும் மின்சாரம் இழந்தன. இரண்டு மாதம் முன்னர் ஐரீன் சூறாவளியாற் பாதிப்புற்றிருந்த கனெக்டிகட்டில் மட்டும் எட்டு இலட்சத்துக்கு மேல். அங்குச் சிலர் பதினொரு நாள்வரை இருளிலும் குளிரிலும் இருந்தனர். ஒக்டோபர் 31இல் முகமூடி அணிந்து வீடுவீடாய்ச் செல்லும் சிறுவரின் ஹலோவீன் கொண்டாட்டத்தைப் பல ஊர்கள் பின்போட்டன. அறுந்த கம்பிகள் கிடக்கும் தெருவில் பிள்ளைகளை எங்ஙனம் விடுவது?

அவ்வாண்டிலும் தம் ஏட்டைத் தொடர்ந்து எழுதிவந்தவருள் ஒருவர் லோங் ஐலண்டின் கீழ்க்கோடியில், பிரிட்ஜ்ஹாம்ப்டன் என்னும் ஊரிலிருந்த ரிச்சர்ட் ஹென்றிக்சன். கோழியும் மாடும் வளர்த்த பண்ணையாளர். 1930ஆம் ஆண்டு, தமது பதினெட்டாம் வயதிலே, கூட்டுறவு நோக்குநராகச் சேர்ந்தார். 2014இல் அரசு அவரைப் பாராட்டியபோது எண்பத்துநான்கு ஆண்டு கழிந்திருந்தது. எண்பதாண்டு பணிபுரிவோர்க்கென ஏற்பட்ட விருதுக்கு அவர் பெயரே இடப்பட்டது. ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட குறிப்புகளை எழுதிய அவர் 2016இல், தம் 103ஆம் வயதிற் காலமானார்.

இத்தகையோர் ஏடுகளைப் புரட்டுவோர் பெரும்புயல்களை அதிகம் காணார். பக்கம் பக்கமாகச் சிற்றளவுகளே நிறைந்திருக்கும். பனித்துகள் விழுந்தும் கோலில் அடங்காத நாளுக்கு ‘சுவடு’ என்று குறிப்பர். அதற்கு எண் இல்லை. ஒன்றுமே விழாத நாளுக்குப் பூச்சியம் எழுதுவர். அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவதற்கு விதியில் இடமில்லை. வெறுமையாக விட்டால், பனி பெய்யவில்லையா, அன்று எவரும் நோக்கவில்லையா என்பது பின்வருவோர்க்குத் தெரியாது போகும். 2011 ஒக்டோபர் 30ஆம் நாட் காலையிலும், மலையூரார் 32 என்று எழுதிய அதே வேளையில், மழை மட்டும் பெய்த கரையூர்களிலே அளவுகோலோடு முற்றத்துக்கு இறங்கியவர்கள் பலகையைப் பார்த்துப் பூச்சியம் எழுதி அனுப்பினர்.